கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு குளம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் மேன்மையைப் பற்றிப் பேசுவது வழக்கம். அதை எனக்கு முன் பேசியவர்கள் நன்றாகவே பேசிவிட்டார்கள். ஆகவே நான் மீன் தொட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். "இதென்னப்பா, படிக்கிற பிள்ளைங்களுக்கு நடுவுல மீன் கதை?" என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள் ஐயா. இந்த மீன் கதைக்குள் ரப்பர் மரம் வரும், கொசு வரும், கிள்ளான் ஆறு வரும், நம் பிள்ளைகளின் படிப்பும் வரும்.

முதலில் ஒன்றைக் கேட்கிறேன். பாசார் மாலாமுக்குப் போகிறோம். பிளாஸ்டிக் பையில் தண்ணீரும் இரண்டு மீனும் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பிள்ளை அழுகிறது. வாங்கிக் கொடுக்கிறோம். வீட்டுக்கு வந்து ஒரு கண்ணாடிச் சாடியைக் கழுவி, குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மீனை விடுகிறோம். பிள்ளை ஆசையாக உணவைக் கொட்டுகிறது. மூன்றாம் நாள் ஒரு மீன் மிதக்கிறது. ஐந்தாம் நாள் மற்றொன்று. அம்மா சொல்கிறார்: "நமக்கு மீன் ராசி இல்லம்மா, விட்டுரு." எத்தனை வீடுகளில் இது நடந்திருக்கிறது! கையைத் தூக்கச் சொன்னால் பாதி மண்டபம் தூக்கும்.

அன்பர்களே, அது ராசியின் வேலை இல்லை. அந்த மீன் இறந்ததற்குக் காரணம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் அடுத்த மீன் பிழைக்கும். 'ராசி இல்லை' என்று ஒதுக்கிய பிள்ளை, 'காரணம் என்ன?' என்று கேட்கத் தொடங்கினால் அங்கேதான் கல்வி பிறக்கிறது. கணக்கு வரவில்லை என்றாலும் ராசி, மீன் செத்தாலும் ராசி என்று சொல்லிப் பழகிய குழந்தைக்குக் காரணம் தேடும் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்க, செடி வைத்த மீன் தொட்டியைப் போல நல்ல வாத்தியார் கிடைப்பது அரிது.

ரப்பர் கன்று ஏறி வந்த கண்ணாடிப் பெட்டி

நாம் கூடியிருக்கும் இந்தப் பங்சார் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். பங், கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பியர்களின் பெயர்கள் சேர்ந்த தோட்டப் பெயரே நம் மக்களின் வாயில் புழங்கிப் 'பங்சார்' ஆயிற்று என்று சொல்வார்கள். இன்று அடுக்குமாடிகளும் கடைகளும் நிற்கும் இடத்தில், அன்று நிரை பிடித்துப் பால் வெட்டியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்கள். அந்த ரப்பர் மரத்துக்கும் மீன் தொட்டிக்கும் ஓர் உறவு உண்டு.

1829-ஆம் ஆண்டில் லண்டனில் நதானியல் வார்டு என்ற மருத்துவர், ஒரு பூச்சிக்கூட்டை ஈரமண்ணோடு மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் வைத்திருந்தார். பூச்சி என்ன ஆகிறது என்று பார்ப்பது அவர் நோக்கம். ஆனால் அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணிச் செடியும் புல்லும் முளைத்தன. மூடிய கண்ணாடிக்குள் மண்ணின் ஈரம் ஆவியாகி மேலே போய், குளிர்ந்து, மறுபடி மண்ணுக்கே இறங்கியது. செடி வாடவில்லை. இதைக் கண்டு அவர் கண்ணாடிப் பெட்டிகள் செய்தார். உப்புக் காற்றில் பட்டுப்போகும் செடிகள் அந்தப் பெட்டிகளுக்குள் மாதக்கணக்கில் கப்பலில் உயிரோடு பயணம் செய்தன.

1876-இல் பிரேசில் நாட்டிலிருந்து கொண்டுவந்த ரப்பர் விதைகள் லண்டன் கியூ பூங்காவில் முளைத்தன. 1,900-க்கும் மேற்பட்ட கன்றுகளை 38 வார்டு பெட்டிகளில் வைத்து இலங்கைக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டு, 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றின் வழிவந்த மரங்களில்தான் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக மங்கு கட்டிப் பால் எடுத்தார்கள்.

வார்டு பெட்டியில் தண்ணீரை நிரப்பினால் என்ன ஆகும்? அதையும் ஒருவர் செய்து பார்த்தார். ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், ஒரு பெரிய பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களையும், நாடா போன்ற இலையுடைய வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்தார். செடியின் பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கெட்டபோது நத்தைகளை விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன; தண்ணீர் தெளிந்தது. மீன், செடி, நத்தை மூன்றும் ஒன்றுக்கொன்று துணையாக வாழ்வதை 1850-இல் எழுதி வெளியிட்டார். ஆக, நம் ரப்பர் கன்று ஏறி வந்த பெட்டியும் நம் பிள்ளைகள் ஆசைப்படும் மீன் தொட்டியும் அண்ணன் தம்பி முறை!

மீன் ஏன் செத்தது?

இப்போது அந்தப் பாசார் மாலாம் மீனுக்கு வருவோம். அதற்கு இரண்டு நஞ்சுகள் காத்திருந்தன.

முதல் நஞ்சு குளோரின். குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலக்கிறார்கள். நமக்கு அது பாதுகாப்பு. மீன் தண்ணீரையே செவுள் வழியாக மூச்சாக இழுப்பதால் அதற்கு அது எரிச்சல், மரணம். வாய் அகன்ற வாளியில் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள், இரண்டு நாள் திறந்து வைத்தால் குளோரின் காற்றில் போய்விடும். சில இடங்களில் குளோரமின் என்ற சேர்மத்தைக் கலப்பதுண்டு. அது அப்படி எளிதில் போகாது. ஆகவே மீன் கடையில் விற்கும் குளோரின் எதிர்ப்பு மருந்தை, புட்டியில் எழுதியுள்ள அளவுப்படி விட்டுவிடுவது நல்லது. சிறு புட்டி பல மாதம் வரும்.

இரண்டாம் நஞ்சு மீனிடமிருந்தே வருவது. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் கிடக்கும் உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் பளிங்கு போலத்தான் இருக்கும். உள்ளே மீனுக்குச் செவுள் வெந்துகொண்டிருக்கும். ஆற்றிலும் குளத்திலும் இது நேராமல் காப்பவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட் என்ற பொருளாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் குறைந்த அளவில் மீனுக்குக் கேடு செய்யாது. செடிக்கோ அது உரம்.

நம் தோட்டத்தார்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாட்டுச் சாணத்தைப் பச்சையாகச் செடியின் தூரில் கொட்டினால் செடி வெந்துபோகும். மக்கவைத்துப் போட்டால் தழைக்கும். நடுவில் நின்று வேலை செய்வது நுண்ணுயிர். மீன் தொட்டியிலும் அதே கதை.

புதுத் தொட்டியில் அந்த நுண்ணுயிர்கள் இல்லை. அவை மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன்பே மீனை விடுவது, அடுப்புப் பற்றவைக்காமல் பந்திக்கு ஆள் கூப்பிடுவது போல. ஆகவே தொட்டி வாங்கும் நாளும் மீன் வாங்கும் நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது. இந்த ஒரு செய்தியை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போனாலும் எனக்குப் போதும்.

தொட்டியும் இடமும்

முதல் தொட்டி சிறியதாக இருந்தால் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். சிறிய தொட்டியில்தான் தண்ணீர் சீக்கிரம் கெடும், சீக்கிரம் சூடாகும். இரண்டு அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி தொடங்குவதற்கு ஏற்றது. ஏறக்குறைய 54 லிட்டர் கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மணல், கண்ணாடி எல்லாம் சேர்த்தால் ஒரு பெரிய ஆளின் எடை வரும். ஆகவே ஆட்டம் காணும் மேசையிலும் பிளாஸ்டிக் அலமாரியிலும் வைக்க வேண்டாம். உறுதியான, மட்டமான இடம் வேண்டும். நிரப்பிய தொட்டியை ஒருபோதும் நகர்த்தக் கூடாது, ஒட்டு விட்டுவிடும்.

வெயில் நேரே விழும் சன்னல் ஓரம் ஆகாது. தண்ணீர் சூடேறும், பச்சைப் பாசி பிடித்து மீனே தெரியாமல் போகும். வெளிநாட்டுப் புத்தகங்களில் தண்ணீரைச் சூடாக்கும் கருவி கட்டாயம் என்று எழுதியிருக்கும். அது குளிர் நாட்டாருக்கு. நம் கோலாலம்பூர்ச் சூட்டில், வெப்பமண்டல மீன்களுக்கு அந்தக் கருவி வேண்டாம். அந்தக் காசு மிச்சம்.

மின்சாரத்தில் கவனம் தேவை. தொட்டிக்குள் கை விடுமுன் எல்லாச் சுவிட்சையும் அடைத்துவிட வேண்டும். வயரைச் சுவிட்சுப் பெட்டிக்குக் கீழே தாழத் தொங்கவிட்டு மேலேற்றிச் சொருகினால், வயரில் வழியும் தண்ணீர் கீழேயே சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது. காற்று அடிக்கும் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். கீழே இருந்தால், மின்சாரம் போகும்போது தண்ணீர் குழாய் வழியே திரும்பி இறங்கிப் பம்பைக் கெடுக்கும்.

மணலும் செடியும்

மணல் 2, 3 மில்லிமீட்டர் பருமனுள்ள ஆற்று மணலாக இருக்கட்டும். 12 முதல் 15 கிலோ போதும். தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். அரிசி கழையும் நம் தாய்மார்களுக்கு அந்தக் கை வரும். சோப்பு மட்டும் கூடவே கூடாது. கடற்கரை மணலும் பவளத் துண்டும் வேண்டாம். அவற்றில் சுண்ணாம்பு இருப்பதால் தண்ணீர் கடினமாகும். ஐயமிருந்தால் மணலில் சில துளி வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். மாணவர்களே, இது ஒரு நல்ல அறிவியல் சோதனை.

மணலை முன்பக்கம் தாழ்வாகவும் பின்பக்கம் உயரமாகவும், ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் கனத்தில் பரப்புங்கள். எரு, உரம் எதையும் அடியில் போடாதீர்கள். மணலின் மேல் ஒரு தட்டை வைத்து, அந்தத் தட்டின் மேல் தண்ணீரை மெல்ல ஊற்றினால் மணல் கலையாது. பாதி நிரம்பியதும் செடி நடுங்கள்.

எந்தச் செடி? நம் நாட்டு ஓடைகளிலேயே விளையும் கிரிப்டோகோரைன் முதலிடம் பெற வேண்டியது. அது சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. குறைந்த வெளிச்சத்திலும் வாழும். நட்ட சில நாளில் இலையெல்லாம் கூழாகிக் கரைந்துபோவதுண்டு. "செடி செத்துப்போச்சு" என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். இடம் மாறிய அதிர்ச்சி அது. வேர் உயிரோடு இருக்கும். சில வாரத்தில் புதுத் தளிர் விடும். இடம் பெயர்ந்து வந்த நம் முன்னோர்களை நினைத்துக்கொள்ளுங்கள், பொறுமை தானாக வரும்.

அடுத்தது ஜாவா பெரணி. இதன் கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் அழுகும். ஒரு கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிட்டால் தானே பற்றிக்கொள்ளும். பின்வரிசைக்கு வாரிங்டன் வைத்த அதே வாலிஸ்னேரியா. ஓடுகொடி விட்டுப் பரவும். இவற்றோடு வேகமாக வளரும் தண்டுச் செடிகள் இரண்டு மூன்று கொத்து இருந்தால், அவை அம்மோனியாவையே நேராக உறிஞ்சித் தண்ணீரைக் காக்கும். செடிகளைக் கடையிலேயே வாங்குங்கள். காட்டு ஓடையில் போய்ப் பிடுங்கி வர வேண்டாம். அங்கே அவை ஏற்கெனவே அருகி வருகின்றன.

விளக்கை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் போடுங்கள். அழகாக இருக்கிறதென்று நடுச்சாமம்வரை எரியவிட்டால் செடிக்கு முன் பாசி வளரும். வடிகட்டிக்குப் பஞ்சு வைத்த எளிய வகையே போதும். அதை இரவு பகல் நிறுத்தாமல் ஓடவிட வேண்டும். நுண்ணுயிர்கள் அந்தப் பஞ்சில்தான் வசிக்கின்றன. அவற்றுக்குக் காற்று வேண்டும்.

காத்திருக்கும் நாட்களும் கொசுவும்

செடி நட்டாயிற்று, மீன் இல்லை. தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு வாருங்கள். அது அழுகி அம்மோனியாவாகும். நுண்ணுயிருக்கு அது சாப்பாடு. நல்ல நிலையிலுள்ள தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அவருடைய பழைய வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வைத்தால் வேலை விரைவாகும். தயிருக்கு உறை ஊற்றுவது போல. தண்ணீரைச் சோதிக்கும் மருந்து கடையில் கிடைக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் முதலில் ஏறிப் பிறகு இறங்கி, இரண்டும் பூச்சியம் காட்டினால் தொட்டி தயார்.

இங்கே பெற்றோர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். மீன் இல்லாத தேங்கிய தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கு அழைப்பிதழ். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஆகவே இந்த நான்கைந்து வாரமும் தொட்டியை மெல்லிய கொசுவலைத் துணியால் இடைவெளியில்லாமல் மூடி வைக்க வேண்டும். குளோரின் போகத் திறந்து வைக்கும் வாளிக்கும் அதே துணிதான். மீன் வந்தபின் கொசுப்புழுவை அது தின்றுவிடும்; வாளியில் மீன் இல்லையே! கொசு உற்பத்திக்கு இடம் கொடுப்பது 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள். டிங்கிக் காய்ச்சல் பார்த்த குடும்பத்துக்குத் தெரியும் அதன் கொடுமை.

நம் சமூகம் இந்தப் பாடத்துக்குப் பெரும் விலை கொடுத்திருக்கிறது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டார். 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்ததும் காய்ச்சல் கொத்துக் கொத்தாக ஆட்களை வீழ்த்தியது. கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பை வடித்து வாய்க்கால் வெட்டி அந்த நோயை அடக்கினார். பிறகு தோட்டங்களிலும் அதே வேலை நடந்தது. மரம் வெட்டாத நாளில் மங்கைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி மண்டோர் சத்தம் போட்டது சும்மா இல்லை. மழைத்தண்ணீர் நின்ற மங்கில் கொசு பெருகும். தேங்கிய தண்ணீரைக் கண்டால் சும்மா போகாத கண் நம் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

எந்த மீன், எத்தனை மீன்?

இனி மீனுக்கு வருவோம். முதல் தொட்டிக்கு நம் தீபகற்பத்திலேயே பிறந்த ஒரு மீனைச் சொல்கிறேன்: ஹார்லிக்வின் ரஸ்போரா. செப்பு நிற உடல். இடுப்பிலிருந்து வால் வரை ஒரு கறுப்பு முக்கோணம். டங்கர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1904-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இலை அழுகிப் பழுப்பேறிய மென்மையான நீரோடைகளில் கூட்டமாக வாழும். அகன்ற இலையின் அடிப்பக்கத்தில் தலைகீழாகக் கவிழ்ந்து முட்டை ஒட்டும். நாம் முன்பு நட்ட கிரிப்டோகோரைன் இலை அதற்குப் பிடித்த இடம். நம் மண்ணின் செடியும் நம் மண்ணின் மீனும் ஒரே தொட்டியில்! ஒன்று இரண்டு வாங்கினால் பயந்து மூலையில் ஒதுங்கும். ஆறுக்குக் குறையாமல் வாங்க வேண்டும்.

கப்பி மீனும் நல்லதே. குட்டி போடும் மீன். ஏறக்குறைய மாதம் ஒருமுறை குட்டி போடும். பிள்ளைகளுக்கு வேடிக்கை. ஆனால் ஆணும் பெண்ணும் கலந்து வாங்கினால் ஆறு மாதத்தில் வைக்க இடம் இருக்காது. ஆண் மீன்களை மட்டும் வாங்குவது புத்தி. சண்டை மீனில் ஆண் ஒன்றுக்கு மேல் ஒரே தொட்டியில் விடவே கூடாது.

தங்கமீன் வேண்டாம். அது பெரிதாக வளரும், அதிகம் கழியும், செடியைப் பிடுங்கும். இரண்டடித் தொட்டி அதற்குச் சிறைச்சாலை. 'கண்ணாடியைச் சுத்தம் செய்யும்' என்று சொல்லி விற்கும் பண்டாராயா மீனும் வேண்டாம். விரல் நீளத்தில் வாங்கி வருவீர்கள். ஓரடிக்கு மேல் வளரும்.

முதலில் ஆறு மீன். இரண்டு வாரம் கழித்து, எல்லாம் நலமென்றால் இன்னும் நாலைந்து. மொத்தம் பத்துப் பன்னிரண்டு சிறு மீனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாலு பேர் படுக்கிற லயத்து அறையில் நாற்பது பேர் படுத்தால் என்ன ஆகும் என்று நம் பெரியவர்களைக் கேளுங்கள்.

கடைப் பையை அவிழ்க்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விடுங்கள், சூடு சமமாகும். பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, கடைசியில் மீனை மட்டும் சிறு வலையால் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம். நோய் கூடவே வரும்.

வாரம் ஒரு நாள் வேலை

உணவு இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே போட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. வாரத்தில் ஒரு நாள் விரதம் இருந்தாலும் மீனுக்கு நல்லதே. "பாவம், பசிக்குமே" என்று பாட்டி ஒரு பிடி, அண்ணன் ஒரு பிடி, தங்கை ஒரு பிடி போட்டால் அன்பே நஞ்சாகும். ஒரு வீட்டில் ஒரே ஒருவர் உணவு போடட்டும்.

வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை ரப்பர்க் குழாயால் இறக்கிவிட்டு, குளோரின் நீக்கிய புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். இறக்கிய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கும் மிளகாய்ச் செடிக்கும் விடுங்கள். மொத்தத் தண்ணீரையும் கொட்டி, மணலையும் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவினால் அது சுத்தம் ஆகாது. ஆறு வாரம் வளர்த்த நுண்ணுயிரை அரை மணியில் கொன்றுவிடுவீர்கள். தொட்டி மறுபடி முதல் வகுப்புக்குப் போய்விடும். பஞ்சில் அழுக்கு அடைத்தால், இறக்கிய பழைய தண்ணீரிலேயே மெல்லப் பிழிந்து திரும்ப வையுங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் காற்றோ தண்ணீரோ சரியில்லை என்று பொருள். முதலில் கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள். பிறகு காரணம் தேடுங்கள்.

ஆற்றில் விடாதீர்கள்

இன்னொன்று. அலுத்துப்போன மீனைப் 'புண்ணியமாகப் போகட்டும்' என்று லோங்காங்கிலோ ஆற்றிலோ விடுகிறார்கள். அது புண்ணியம் ஆகாது. நான் சொன்ன பண்டாராயா மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. தொட்டியிலிருந்து வெளியேறி இன்று சிலாங்கூர் ஆறுகளில் பெருகிக் கிடக்கிறது. அழுக்கிலும் வாழும், கரையைத் துளைத்து வளை தோண்டும், நம் ஆற்று மீன்களின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளும். வலை போட்டுப் பிடித்து அகற்ற மக்கள் படும் பாட்டைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ வேறு வளர்ப்பவரிடமோ கொடுங்கள். வெட்டிய செடியையும் ஓடையில் எறியாதீர்கள். காயவைத்துக் குப்பையில் போடுங்கள். வீட்டுக்குள் இருக்கும் குளத்துக்குப் பொறுப்பேற்றவர், வெளியே ஓடும் ஆற்றுக்கும் பொறுப்பேற்றவரே.

மாணவச் செல்வங்களே! தொட்டி வைத்தால் கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் வையுங்கள். இன்று என்ன தேதி, தண்ணீர் எத்தனை சூடு, எத்தனை இலை புதிதாக விட்டது, சோதனையில் என்ன நிறம் வந்தது என்று தமிழில் எழுதுங்கள். ஒரு மாதம் எழுதினால் நீங்கள் சிறு விஞ்ஞானி. ஒரு மீன் இறந்தால் அழுங்கள், தவறில்லை. அழுது முடித்ததும் நோட்டைப் புரட்டிக் காரணம் தேடுங்கள்.

வீட்டில் தொட்டி வாங்க வசதியில்லாத பிள்ளைகளும் இந்தப் பள்ளியில் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அறிவியல் அறைக்கு இரண்டடித் தொட்டி ஒன்று போதும். வாரத்துக்கு ஒரு வகுப்பு முறை வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். விடுமுறை நாட்களில் யார் உணவு போடுவது என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுங்கள். பொதுச் சொத்து கேட்பாரற்றுப் போவது அந்த இடத்தில்தான். மீன் வாங்க அவசரம் வேண்டாம். முதல் மாதம் வெறும் செடியும் தண்ணீரும் இருக்கட்டும். "என்ன வாத்தியாரே, தொட்டியில ஒண்ணுமே இல்லையே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "இருக்கு, இன்னும் உன் கண்ணுக்குத் தெரியல" என்று ஆசிரியர் சொல்லட்டும். தெரியாத ஒன்று உள்ளே வேலை செய்கிறது என்று நம்பி, சோதித்து, காத்திருக்கக் கற்ற பிள்ளை எந்தப் பாடத்துக்கும் அஞ்சாது.

பரிசு பெற்ற அனைவருக்கும் என் வாழ்த்துகள்.